தெற்கு நோக்கும் கரும்பாறை

மும்பையிலிருந்து புனே செல்லும் ரயில் கண்டாலா மலைப்பாதையில் ஏறும்போது, தண்டவாளத்தின் ஓரமெங்கும் கரும்பாறை அடுக்கடுக்காக நிற்கும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் பிளவுகள் வழியே பொங்கி வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு அது. பசால்ட் என்பார்கள். இன்றும் தக்காணத்தில் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை அது மூடியிருக்கிறது. தடையில்லாமல் சுழலும்படி ஒரு காந்த ஊசியை இன்று அங்கே தொங்கவிட்டால் அது வடக்கு நோக்கும். முனை கொஞ்சம் தரைப்பக்கம் சரியும். அந்தப் பாறைக்குள் உறைந்திருக்கும் காந்தமோ தென்கிழக்கைப் பார்க்கிறது. சரிவும் ஏறத்தாழ இரு மடங்கு.

இந்த நினைவைச் சுமப்பது மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. பசால்ட்டில் அதோடு டைட்டானியமும் கலந்திருக்கும். தூய மேக்னடைட் சுமார் 580 டிகிரி செல்சியஸுக்கு மேல் நிலையான காந்தம் எதையும் வைத்துக்கொள்ளாது. டைட்டானியம் கலந்தால் அந்த வரம்பு இன்னும் இறங்கும். எரிமலைக் குழம்பில் மிதக்கும் துகள்கள் திசைகாட்டி ஊசிபோலத் திரும்பி வடக்கு நோக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. குழம்பு 1,000 டிகிரிக்கும் மேலான சூட்டில் வெளிவருகிறது. 580 டிகிரிக்கு ஆறுவதற்குள் பாறை முழுக்க இறுகிவிடும். துகள் அசைவதில்லை. அதற்குள் இருக்கும் காந்தப்போக்கு மட்டும் அப்போதைய புவிக்காந்தத்தின் பக்கம் சாய்ந்து, பாறை ஆற ஆறப் பூட்டிக்கொள்கிறது. இதில் பெரிய துகள்களை நம்ப முடியாது. அவற்றுக்குள் காந்தம் பல பகுதிகளாகப் பிரிந்து கிடப்பதால் எளிதில் மாறிவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் திசை மாறாமல் காப்பவை ஒரு மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே இருக்கும் நுண்துகள்கள்தாம்.

அந்தப் பதிவைப் படிப்பது பொறுமை கேட்கும் வேலை. தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கும் துளைப்பானால் விரல் பருமனுக்குச் சற்று அதிகமான உருளையைப் பாறையிலிருந்து எடுப்பார்கள். அதை உடைத்து வெளியே எடுக்கும் முன்பே, அது எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்திருந்தது என்று அதன் மேலேயே கோடு கிழித்துக் குறித்துவிட வேண்டும். குறிக்காத உருளை வெறும் கல். பசால்ட்டே காந்த ஊசியைப் பிசகச் செய்யும் என்பதால், பல இடங்களில் சூரியனின் நிழலை வைத்துத் திசையைச் சரிபார்க்கிறார்கள். ஆய்வகத்தில் புவிக்காந்தம் எட்டாதபடி மறைத்த அடுப்பில் அந்தக் கல்லை 100, 200, 300 டிகிரி என்று படிப்படியாகச் சுடுவார்கள். ஒவ்வொரு முறையும் ஆறவிட்டுக் காந்தத்தை அளப்பார்கள். பழைய வீட்டுச் சுவரில் ஆண்டுக்கொரு முறை பூசிய சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்தால் அடியில் முதல் நிறம் தெரிவதுபோல, பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட காந்தம் முதலில் கழன்றுபோய், பாறை பிறந்தபோது பதிந்த திசை கடைசியில் தனியாக நிற்கும்.

அந்தத் திசை என்ன சொல்கிறது? புவிக்காந்தம் நிலநடுக்கோட்டில் கிடைமட்டமாகவும் துருவத்தில் செங்குத்தாகவும் இருக்கிறது. சரிவுக்கோணத்தின் டேன்ஜென்ட், அட்சரேகையின் டேன்ஜென்ட்டைப்போல் இரு மடங்கு. பாறையின் சரிவு தெரிந்தால் அது பிறந்த அட்சரேகை தெரியும். கண்டாலாப் பாறையின் காந்தம் தெற்கு நோக்கிக் கீழே சரிகிறது. வட அரைக்கோளத்தில் இப்படி ஒரு காந்தம் அமையாது: வழக்கமான நிலையில் வடக்கும் கீழும், துருவம் தலைகீழான நிலையில் தெற்கும் மேலும் என்பதுதான் அங்கே அமைப்பு. தெற்கும் கீழும் சேர வேண்டுமென்றால் பாறை தென் அரைக்கோளத்தில் இருந்திருக்க வேண்டும். புவியின் காந்தத் துருவங்களும் அப்போது இடம் மாறி இருந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் கிடைப்பது சுமார் 30 டிகிரி தென் அட்சரேகை. அங்கிருந்து இன்றைய இடத்துக்கு 5,000 கிலோமீட்டருக்கும் மேல். 1950-களில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேட்ரிக் பிளாக்கெட்டின் குழு தக்காணக் கற்களை அளந்து, இந்தியா தெற்கிலிருந்து நகர்ந்து வந்தது என்று சொன்னபோது, கண்டங்கள் நகரும் என்பதையே பெரும்பாலான புவியியலாளர்கள் ஏற்கவில்லை. அன்று கையில் இருந்த சான்றுகளில் இதைவிட நேரடியானது எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

துருவங்கள் இடம் மாறுவதை முதலில் கண்டவர் பிரான்ஸின் பெர்னார்ட் புரூன். 1906-இல் அவர் எடுத்துக்காட்டியது எரிமலைப் பாறையை மட்டுமல்ல, அந்தக் குழம்பின் சூட்டில் அடியில் சுட்டுப்போன களிமண்ணையும்தான். இரண்டும் வேறு வேறு பொருள்கள். இரண்டிலும் ஒரே தலைகீழ்த் திசை. கல்லின் கோளாறு என்று தள்ளிவிட முடியவில்லை. 1929-இல் ஜப்பானின் மொட்டோனோரி மட்சுயாமா, இந்த மாற்றத்துக்குக் கால ஒழுங்கு உண்டு என்று காட்டினார்.

ஆனாலும் எரிமலை விட்டு விட்டுத்தான் பேசும். ஒரு குழம்புக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை ஆயிரம் ஆண்டு என்று அது சொல்லாது. இடைவிடாமல் எழுதிக்கொண்டே இருப்பது ஆழ்கடல் சேறுதான். கரையிலிருந்து வெகு தொலைவில் ஒரு சென்டிமீட்டர் சேறு படியவே ஆயிரம் ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். அதில் காற்றும் ஆறும் கொண்டுவந்த மேக்னடைட் துகள் இருக்கும். தம் உடலுக்குள்ளேயே மேக்னடைட் மணிகளைக் கோத்து வைத்துக்கொள்ளும் பாக்டீரியாக்கள் இறந்து விட்டுப்போனவையும் இருக்கும். 1975-இல் ரிச்சர்ட் பிளேக்மோர் இந்த உயிரிகளை அறிவியல் உலகுக்குத் தெரியப்படுத்தினார். இங்கே துகள்கள் உண்மையாகவே திரும்புகின்றன. ஈரச் சேற்றில் புவிக்காந்தத்தின் பக்கம் திரும்பி, மேலே சேறு ஏறி நீர் பிழிந்து போனதும் அசையாமல் நிற்கின்றன. மேல் அடுக்கைப் புழுக்கள் கிளறிக்கொண்டே இருப்பதால், பதிவாகும் திசை சேற்றைவிடச் சற்று இளையதாக இருக்கும். அழுகும் உயிர்ப்பொருள் மிகுந்த சேறாக இருந்தால் நிலைமை மோசம்: அங்கே உருவாகும் சல்பைடு மேக்னடைட்டைக் கரைத்துப் பைரைட்டாக மாற்றி, பதிவையே அழித்துவிடும்.

1966-இல் லாமண்ட் ஆய்வகத்தின் நீல் ஒப்டைக்கும் அவர் சகாக்களும் அண்டார்டிகாவைச் சூழ்ந்த கடலின் சேற்றுத் தூண்களை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கடல் ஏன்? கப்பலிலிருந்து இறக்கும் குழாய் எந்தப் பக்கம் திரும்பிச் சேற்றில் இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே வடக்கு தெற்கு தெரியாது. துருவத்துக்கு அருகே காந்தம் ஏறக்குறைய செங்குத்து என்பதால் மேலா கீழா என்று தெரிந்தாலே போதும். தூணில் இறங்க இறங்க மேல், கீழ், மேல் என்று மாறிய வரிசை, நிலத்து எரிமலைப் பாறைகளில் கண்ட வரிசையோடு பொருந்தியது. கடல்தளப் பாறையில் திசை மாறி மாறி அமைந்திருக்கும் காந்தப் பட்டைகளிலும் அதே வரிசைதான். 1963-இல் புவியியற்பியலாளர்கள் வைனும் மேத்யூஸும் அந்தப் பட்டைகளுக்கு விளக்கம் தந்தபோது முன்வைத்த அளவீடு, இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரில் எடுத்தது.

தக்காணத்துக்கும் ஆழ்கடலுக்கும் முடிச்சு விழுந்த இடம் இத்தாலியின் குப்பியோ. அந்த ஊரை ஒட்டிய பள்ளத்தாக்கில் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாறை சாய்ந்து நிற்கிறது. ஒரு காலத்தில் ஆழ்கடலில் படிந்த சேறு. 1970-களில் வால்டர் ஆல்வரெஸும் வில்லியம் லௌரியும் அதன் காந்தத்தை அளந்தார்கள். கடல்தளப் பட்டைகளின் வரிசை அப்படியே அங்கும் இருந்தது. அதன் நடுவே சுமார் ஒரு சென்டிமீட்டர் களிமண் கோடு. அதற்குக் கீழே ஏராளமாக இருந்த நுண்ணுயிர் ஓடுகள் மேலே அனேகமாக இல்லை. அந்தக் களிமண்ணில், விண்கற்களில் மிகுந்து காணப்படும் இரிடியம் சுற்றுப் பாறையைவிட ஏறத்தாழ 30 மடங்கு இருப்பதை 1980-இல் ஆல்வரெஸும் அவர் தந்தை லூயிஸும் சக ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். டைனோசர்களின் முடிவுக்கு விண்கல் காரணம் என்ற கருத்து அங்கிருந்துதான் கிளம்பியது. களிமண் கோடு இருப்பது 29ஆர் என்று எண்ணிட்ட தலைகீழ்க் காலத்துக்குள்.

தக்காணத்தில் பல நூறு மீட்டர் ஏறினாலும் காந்தம் மாறாமல் தலைகீழாகவே இருக்கிறது. மகாபலேஷ்வர் பக்கம் மேலடுக்குகளில்தான் வழக்கமான திசைக்குத் திரும்புகிறது. எரிமலை நெடுங்காலம் நீடித்திருந்தால் துருவ மாற்றங்கள் பல பதிவாகியிருக்க வேண்டும். 1986-இல் வின்சென்ட் கோர்ட்டியோவின் குழு இதை வைத்து, பெரும்பகுதிக் குழம்பு பத்து லட்சம் ஆண்டுக்குள் கொட்டித் தீர்ந்தது என்றும், அந்தத் தலைகீழ்க் காலம் 29ஆர்தான் என்றும் வாதிட்டது. களிமண் கோடும் கண்டாலாவும் ஒரே காலக்கட்டத்தில் வந்து நின்றன.

29ஆர் பல லட்சம் ஆண்டு நீண்டது. அதற்குள் முந்தியது விண்கல்லா, எரிமலைக் குழம்பா? 2019-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள், ஒன்று யுரேனியம்–ஈயம் முறையிலும் மற்றது ஆர்கான் முறையிலும் காலம் கணித்து, குழம்பு எப்போது அதிகம் கொட்டியது என்பதில் வேறுபட்டன. காந்தம் இதில் உதவும் வழி வேறு. துருவம் மாறாத காலத்திலும் புவிக்காந்தம் சில டிகிரி அலைந்துகொண்டே இருக்கும். அட்சரேகை கணிப்பவர்களுக்கு அது தொல்லை, பல குழம்புகளை அளந்து சராசரி எடுத்துத்தான் அதைக் களைகிறார்கள். அன்–லீஸ் ஷெனேயும் சகாக்களும் அந்த அலைச்சலையே கடிகாரமாக்கினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் குழம்புகள் ஏறத்தாழ ஒரே திசையைக் காட்டினால், புவிக்காந்தம் அலைவதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். தக்காணச் சரிவுகளில் அப்படிப்பட்ட தொகுதிகள் பல இருக்கின்றன. கனத்த பாறை அடுக்கு ஒவ்வொன்றும் நூறாண்டுக்கும் குறைவான காலத்தில் குவிந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. அத்தனை விரைவில் காற்றில் கலந்த கந்தக வாயுவை அன்றைய உயிர்கள் எப்படித் தாங்கியிருக்கும் என்ற கேள்விக்கு அந்தக் கணிப்பைக் கொண்டுதான் இப்போது விடை தேடுகிறார்கள்.