வெந்த கைகளுக்கு வேலை எங்கே? பட்டாசுத் தொழிலாளரும் தொழில்சார் மறுவாழ்வும்

விருதுநகர் மாவட்டத்தில் வெடிவிபத்து நேரும்போதெல்லாம் இறந்தோர் எண்ணப்படுகின்றனர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். தீக்காயங்களோடு பிழைத்தவர்கள் பின்னர் என்ன வேலைக்குச் சென்றார்கள் என்பது அபூர்வமாகவே செய்தியாகிறது.

அச்சங்குளம் விபத்தைத் தாமாக முன்வந்து விசாரித்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், இறந்தோர் குடும்பத்துக்கு 20 இலட்சம் ரூபாயும், 50 விழுக்காட்டுக்கு மேல் தீக்காயமுற்றோருக்கு 15 இலட்சமும் வழங்க ஆணையிட்டது. காயத்தின் விழுக்காடு குறையக் குறையத் தொகையும் குறைந்தது. இது வெந்த தோலின் பரப்பை அளக்கும் கணக்கு. மருத்துவர்களின் அளவுகோலில் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை, உடற்பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடுதான். ஆனால் திரி வைக்கவும், மருந்து செலுத்தவும், களை பறிக்கவும் அந்த 1 விழுக்காடு இல்லாமல் முடியாது.

தொழில்சார் மறுவாழ்வு என்பது இந்தக் கையிலிருந்து தொடங்க வேண்டியது. தீக்காயத் தழும்பு இறுகி விரல்களை மடக்கிவிடும். மாதக்கணக்கில் கட்டை கட்டி, பயிற்சி கொடுத்தால்தான் அவை விரியும். கூலி இழந்து இயன்முறை மருத்துவத்துக்கு அலைய முடியாதவருக்கு விரல்கள் மடங்கியே நின்றுவிடுகின்றன. ஆழமாக வெந்து ஒட்டுப்போட்ட தோலில் வியர்வை சுரக்காது. ஆகவே வெயிலில் கூலி வேலை பார்க்கச் சொல்வதும் பொருளற்றது. எஞ்சிய திறனைச் சோதித்து, அதற்கேற்ற தொழிலைக் கற்பித்து, முதலாளியிடம் பேசி, கருவியையும் இருக்கையையும் மாற்றியமைத்து, வேலையில் அமர்ந்த பின்னும் தொடர்ந்து கவனிப்பதே முழுமையான மறுவாழ்வு. தையல் இயந்திரம் ஒன்றை மேடையில் வழங்கிப் படம் எடுத்துக்கொள்வதை நாம் அவ்வாறு அழைக்க இயலாது.

இதற்கான அமைப்புகள் நாட்டில் இல்லாமல் இல்லை. முதல் இரு தொழில்சார் மறுவாழ்வு மையங்கள் 1968இல் பம்பாயிலும் ஐதராபாத்திலும் தொடங்கப்பெற்றன. தமிழ்நாட்டுக்கான மையம் சென்னை கிண்டியில் உள்ளது. பணியிடக் காயத்தால் 40 விழுக்காடோ அதற்கு மேலோ ஊனமுற்ற, 45 வயதுக்கு மேற்படாத காப்பீட்டாளருக்குப் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை தரும் ஏற்பாடு இ.எஸ்.ஐ. திட்டத்தில் உண்டு. ஆனால் அதற்குப் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். உள்குத்தகைக்கு விடப்பட்ட அறையில் வேலை செய்தவருக்கும், வீட்டில் திரி சுற்றியவருக்கும் எந்தப் பதிவேடு? பெயர் இருந்தாலும், கிண்டி சிவகாசியிலிருந்து 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

சட்டத்திலும் ஓட்டை உண்டு. பணியிட விபத்து இழப்பீட்டுக்கான 1923ஆம் ஆண்டுச் சட்டம், மிகக் கடுமையான முகச்சிதைவை 100 விழுக்காடு வருவாய் இழப்பாக வகைப்படுத்தியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 முகச்சிதைவை அமில வீச்சில் பாதிக்கப்பட்டோருக்கு மட்டுமே ஊனமாக ஏற்கிறது. வெடிமருந்தில் முகம் சிதைந்த பெண்ணுக்குக் கை கால் அசைந்தால், சான்றிதழ் கிடைப்பது அரிது. சான்றிதழின்றி 4 விழுக்காடு இடஒதுக்கீடும் இல்லை. மேலும், பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கக் கூடாது என்னும் 20(4)ஆம் பிரிவு அரசு நிறுவனங்களையே கட்டுப்படுத்தும். பார்வை இழந்த அரசுப் பேருந்து ஓட்டுநருக்கு அதே ஊதியத்தில் மாற்றுப்பணி உரிமை. பார்வை இழந்த பட்டாசுத் தொழிலாளிக்கு வீடுதான்.

இங்கே சாதியைப் பேசாமல் மறுவாழ்வைப் பேச முடியாது. அபாயமான அறைகளில் உயிரைப் பணயம் வைப்போரில் நிலமற்ற தலித்துகள் கணிசமானோர். அவர்களுக்கு அரசு முதலில் நீட்டுவது சுயதொழில் கடன். பெட்டிக்கடை வை, தேநீர்க்கடை வை என்கிறது திட்டம். ஊரார் சேரிக்கடையில் தேநீர் குடிப்பார்களா என்று திட்டம் கேட்பதில்லை. காலனிக்குள் மட்டும் விற்கும் கடையின் வாடிக்கையாளர்களும் அதே பட்டாசுக் கூலியை நம்பியவர்களே. ஆலை மூடினால் கடையும் மூடும். எனவே, சுயதொழிலைவிடக் கூலியும் பதிவும் உள்ள வேலையையே முதலில் கோர வேண்டும் என்பது நமது நிலைப்பாடு. சிவகாசியின் அச்சகங்களில் அமர்ந்து செய்யும் வேலைகள் உண்டு. தனியார் நிறுவனங்கள் குறைந்தது 5 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளைப் பணியமர்த்த ஊக்கத்தொகை தரலாம் என்கிறது 35ஆம் பிரிவு. சிவகாசி முதலாளிகளிடம் அதைக் கொண்டு செல்ல ஓர் அதிகாரி வேண்டும். தாட்கோவும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் தனித்தனிக் கதவுகளாக இருக்கும்வரை, தலித்தாகவும் மாற்றுத்திறனாளியாகவும் இருப்பவர் இரண்டு வரிசைகளில் நிற்க வேண்டியிருக்கும்.

மதிப்பீடும் பயிற்சியும் சிவகாசி அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவிலேயே தொடங்கட்டும். தீக்காய முகச்சிதைவு ஊனப் பட்டியலில் சேரட்டும். கல்லூரி மாணவர்கள் இன்றே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. 2012 முதல் பட்டாசு விபத்துகளில் காயமுற்றோரில் எத்தனை பேருக்கு ஊனச் சான்றிதழ் கிடைத்தது, எத்தனை பேர் பயிற்சி பெற்றனர், எத்தனை பேர் இப்போது வேலையில் உள்ளனர் எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய்.