ஒரு வாரக் கல்லூரி

1971 ஜனவரியில் பிரிட்டனில் பல ஆயிரம் வீடுகளுக்குத் தபாலில் பாடப்புத்தகக் கட்டுகள் வந்து சேர்ந்தன. அறிவியல் எடுத்தவர்களுக்குக் கூடவே ஒரு பெட்டியும் வந்தது. உள்ளே சோதனைச் சாமான்கள், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் மைக்ராஸ்கோப். சமையலறை மேசைதான் ஆய்வுக்கூடம். பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் வகுப்பு.

திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் மாணவர்கள் இவர்கள், சுமார் 25 ஆயிரம் பேர். 1963-இல் ஹெரால்ட் வில்சன் கிளாஸ்கோவில் பேசும்போது சொன்ன யோசனை இது. சுரங்கத் தொழிலாளியின் மகளான அமைச்சர் ஜென்னி லீ விடாப்பிடியாக நின்று 1969-இல் அதை நடத்திக் காட்டினார். முன்தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. பள்ளியைப் பாதியில் விட்டவர், பிரசவத்தோடு படிப்பை நிறுத்தியவர், டிகிரி இல்லாமலே பாடம் நடத்திவந்த ஆசிரியர் என யாரும் சேரலாம். பாடத்தின் ஒரு பகுதி பிபிசியில் ஓடியது. பின்னாளில் விடியற்காலையிலும் ஊரடங்கிய நேரத்திலும்.

பாடம் வீட்டுக்கே வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் கேட்கத்தான் பக்கத்தில் ஆளில்லை. நாற்பது வயதில் ஒரு பத்தியை மூன்று முறை படித்தும் விளங்காதபோது, "நமக்கு மூளை மழுங்கிவிட்டது" என்றுதான் முதலில் தோன்றும். பக்கத்து பெஞ்சுக்காரரும் அதே பத்தியில்தான் முழிக்கிறார் என்று தெரிந்தால் பாதி பாரம் இறங்கிவிடும். ஆனால் தபால் படிப்பில் பக்கத்து பெஞ்சு ஏது?

அதற்காகத்தான் வட்டாரப் படிப்பு மையங்களும், விடைத்தாளில் பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதும் ஆசிரியர்களும். எல்லாவற்றையும்விடப் பலித்தது கோடைப் பள்ளி. விடுமுறையில் காலியாகக் கிடக்கும் மற்றப் பல்கலைக்கழக வளாகங்களில் ஒரு வாரம் தங்கிப் படிக்கவேண்டியிருந்தது. பத்தொன்பது வயதுப் பையனுக்காகப் போட்ட ஒற்றைக் கட்டிலில் ஐம்பது வயதுக்காரர் படுத்தார். தட்டை ஏந்திக் கேன்டீன் வரிசையில் நின்றார். பகலெல்லாம் லேப், ராத்திரி மதுக்கூடத்தில் விவாதம், சில நாள் விடியும்வரை. வீட்டில் யாரோடும் பேசமுடியாத விஷயத்தைப் பேச ஆள் கிடைத்த குஷி அது. அந்த ஒரு வாரம்தான் பலருடைய மொத்தக் கல்லூரி வாழ்க்கை.

வில்லி ரஸ்ஸலின் 1980-ஆம் ஆண்டு நாடகமான 'எஜுகேட்டிங் ரீட்டா'விலும் இது வருகிறது. சிகையலங்கார நிலையத்தில் வேலை பார்க்கும் ரீட்டா, கோடைப் பள்ளிக்குப் போய்வந்த பிறகு வேறு ஆளாக நிற்கிறாள். ரஸ்ஸலே பெண்களுக்கு முடி திருத்தும் தொழிலிலிருந்து படிப்புக்குத் திரும்பியவர்.

கோடைப் பள்ளிகள் பிற்பாடு படிப்படியாகச் சுருங்கின. 2012-இல் இங்கிலாந்தில் கட்டணம் தாறுமாறாக ஏறியபோது, பகுதிநேரமாகப் படிக்க வருவோரின் கூட்டமும் குறைந்தது. நேரில் கூடுவதற்குப் பதிலாகத் திரையில் நடக்கும் வகுப்பு முடிந்ததும் பெட்டி பெட்டியாகத் தெரிந்த முகங்கள் மறைந்துவிடுகின்றன. சேர்ந்து டீ குடிக்கப் போக வழியில்லை. நியாயமாகப் பார்த்தால் இது பெரிய இழப்புதான்.

இந்த ஏற்பாட்டின் சாயலை நம் ஊரிலும் பார்க்கலாம். 1985-இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வீட்டில் எழுதும் பயிற்சித் தாளுக்கு அங்கே வழங்கிய 'டிஎம்ஏ' என்ற பெயரையே இங்கேயும் புழங்குகிறது. வகுப்புகளும் அதே கணக்குதான்: இரவல் வாங்கிய கல்லூரி அறைகளில், பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில். போகாவிட்டாலும் பரீட்சை எழுதலாம் என்பதால் பலர் போவதில்லை. போகிறவர்கள் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்திலேயே நம்பர் வாங்கிக்கொள்கிறார்கள். ஜூன் பரீட்சை நெருங்கும்போது டிஎம்ஏ கொடுக்கக் கடைசித் தேதி என்றைக்கு, ஹால் டிக்கெட் வந்துவிட்டதா, போன வருடக் கேள்வித்தாள் யாரிடம் இருக்கிறது என்று அந்த நம்பர்களுக்குத்தான் போன் போகிறது.