கட்டியக்காரன் இல்லாத மேடை

தெருக்கூத்தில் எந்தப் பாத்திரமும் களரிக்குள் நேராக நுழைந்துவிடுவதில்லை. இருவர் விரித்துப் பிடிக்கும் திரைச்சீலைக்குப் பின்னே நின்று தன் வருகையைப் பாட்டாலும் சலங்கை ஒலியாலும் அறிவித்து, திரை விலகியதும் எதிரே நிற்கும் கட்டியக்காரன் யார், எந்த ஊர், வந்த காரியம் என்ன என்று கேட்கக் கேட்கத் தன் குலத்தையும் கதையையும் சொல்லி முடித்த பிறகே ஆட்டம் நகரும். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் இவ்வாறு தன்னைத் திரௌபதி என்று சொல்லிக்கொண்டு ஆடுபவர் பெரும்பாலும் ஓர் ஆண். முகத்துக்கு அரிதாரம் பூசி, சவுரி வைத்துப் பின்னிப் பூச்சூடி, சேலை கட்டிக்கொண்டு வருகின்ற அவர் துகிலுரிதல் காட்சியில் சபை நடுவே நின்று கதறும்போது, கூத்துப் பார்க்க வந்தவர்கள் அவரை அம்மனாகவே கண்டு கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவதும் உண்டு. விடிந்ததும் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு அவர் தன் வயலுக்கோ தறிக்கோ திரும்பிவிடுவார். ஆண் பெண்ணாக நிற்பதை இவ்வட்டாரத்து ஊர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு பழகியிருக்கின்றன; ஆனால் விடிந்த பிறகும் துடைக்க முடியாத ஒன்றைப் பற்றி, வேடம் இல்லாமல், தன் பெயரிலேயே ஒருவர் பேசத் துணிந்தபோது அதைக் கேட்பதற்கான மேடையைத் தமிழ்ச் சமூகம் மிகத் தாமதமாகத்தான் கொடுத்தது.

இவ்வாறு பேசத் துணிந்தவர்களுள் திருநங்கையரும், பெண்களை நேசிக்கும் பெண்களும் அடங்குவர். பிறப்பின்போது ஆண் என்று குறிக்கப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. தன் பாலினத்தவரிடமே காதல் கொள்வது தன்பாலீர்ப்பு. இவர்கள் அனைவரையும் ஒருங்கே சுட்டும் சொல்லாக இன்று பால்புதுமையர் என்பது வழங்குகிறது. இவர்களின் கதைகள் உலகெங்கும் இரண்டு வடிவங்களில்தான் அதிகமாக மேடைக்கு வந்துள்ளன. ஒன்று, தொழில்முறை நடிகர் அல்லாத ஒரு சமூகத்தார் தம் வாழ்விலிருந்தே காட்சிகளைத் திரட்டித் தாமே நடிக்கும் சமூக அரங்கு. மற்றொன்று, ஒருவரே நின்று தம் வாழ்வைச் சொல்லியும் நடித்தும் காட்டும் தனிநடிப்பு. அரங்க அமைப்புக்கும் ஒப்பனைக்கும் பெருஞ்செலவு கேட்காத வடிவங்கள் என்பது இதற்கு ஒரு காரணம். பிறர் எழுதிய நாடகங்களில் அவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கேலிப் பாத்திரங்களே என்பது அதைவிட வலுவான காரணம்.

வேடத்தின் வரலாறு தமிழில் நீண்டது. கூத்தில் பெண் வேடம், சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் சிறுவர்கள், மறுபுறம் பெண்களே நடத்திய பாலாமணி குழு, 1935-இல் வெளிவந்த திரைப்படத்தில் நந்தனாராகவே நடித்த கே.பி. சுந்தராம்பாள் என்று பால் மாறி நடித்தவர்களின் பட்டியல் பெரிது. இவர்கள் அனைவருக்கும் சமூகம் கைதட்டியது, மேடையை விட்டு இறங்கியதும் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள் என்ற உறுதியால்தான்.

அந்த உறுதி உடையும் இடம் ஒன்று விழுப்புரத்திலிருந்து பேருந்தில் சென்றுவிடக்கூடிய தொலைவில் இருக்கிறது. உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில், 2019 வரை விழுப்புரம் மாவட்டத்திலும் அதன்பின் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அடங்கியுள்ள கூவாகத்துக் கூத்தாண்டவர் கோயிலில், சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித் திருநங்கையர் கூடுகின்றனர். பாரதப் போரில் பாண்டவர் வெற்றிக்காகக் களப்பலியாகத் தன்னைக் கொடுத்த அரவானுக்கு, பலிக்கு முந்தைய இரவு மோகினி வடிவில் கண்ணனே மனைவியானான் என்பது இவ்விழாவின் கதை. பூசாரி கையால் தாலி கட்டிக்கொண்டு அரவானின் மனைவியராகும் திருநங்கையர், மறுநாள் தேர் அழிகளத்துக்குச் சென்று பலி முடிந்ததும் வளையல் உடைத்து, தாலி அறுத்து, வெள்ளைச் சேலை உடுத்தி ஒப்பாரி வைக்கின்றனர். இதனைச் சடங்கு என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் உற்றுப் பார்த்தால், கூத்தில் அரவான் களப்பலி ஆடும் கலைஞர் பிறர் கதையை ஆடுகிறார். கூவாகத்தில் தாலி அறுக்கும் திருநங்கை அரவானை முன்னிட்டுத் தன் கதையை அழுகிறார். திருமணமும் கணவனும் ஊரறிய வாய்க்காத ஒருவருக்கு அந்த ஒப்பாரி நடிப்பா, வாழ்வா என்று பிரித்துச் சொல்வது கடினம். தமிழில் பால்புதுமையரின் தன்வரலாற்று அரங்கு எங்கே தொடங்கியது என்று தேடுவோர் நகரத்து மண்டபங்களுக்குப் போகும் முன் இந்தக் களத்தைப் பார்க்க வேண்டும்.

விழாவை ஒட்டி விழுப்புரம் நகரில் நடக்கும் மிஸ் கூவாகம் அழகிப் போட்டிக்குத்தான் செய்தியாளர்களின் கேமராக்கள் அதிகம் திரும்புகின்றன. அங்கே திருநங்கையர் காணப்படுகின்றனர், கேட்கப்படுவது குறைவு. கேட்கச் செய்யும் முயற்சி வேறொரு திசையிலிருந்து வந்தது. பெண்களின் அரங்கைத் தமிழில் வளர்த்தவர்களுள் முதன்மையானவரும், மரப்பாச்சிக் குழுவின் இயக்குநரும், சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவருமான அ. மங்கை, 2000-களில் சென்னைத் திருநங்கையரோடு சேர்ந்து பணியாற்றியதில் கண்ணாடிக் கலைக்குழுவின் ‘மனசின் அழைப்பு’, ‘உறையாத நினைவுகள்’ என்னும் நாடகங்கள் உருவாயின. வீட்டை விட்டு வெளியேறியது, குருவாக ஏற்ற மூத்த திருநங்கையின் குடும்பமான ஜமாத்தில் சேர்ந்தது, காவல் நிலையமும் மருத்துவமனையும் தம்மை நடத்திய விதம் ஆகியவற்றை, அவற்றை அனுபவித்தவர்களே நடித்துக் காட்டியதுதான் சமூக அரங்கின் சாரம். இத்தகைய நாடகத்தில் கட்டியக்காரனின் கேள்விக்கு எழுதிவைத்த பதில் கிடையாது. ஒத்திகையின்போதே பதில் உருவாகிறது. ஒருவர் சொல்லத் தொடங்கியதை இன்னொருவர் தன் அனுபவத்தால் முடித்துவைக்கிறார்.

கூட்டமாகச் சொல்வதில் ஒரு பாதுகாப்பு உண்டு. அந்தப் பாதுகாப்பைத் துறந்து தனியே நின்றவர் அ. ரேவதி. அன்றைய சேலம் மாவட்டத்தின் நாமக்கல் பகுதியில் பிறந்து, வீட்டாரின் அடியிலிருந்து தப்பி வடக்கே சென்று திருநங்கையரோடு வாழ்ந்து, பின்னர் பெங்களூரில் பாலியல் சிறுபான்மையினரின் உரிமைக்காகப் பணியாற்றிய அவர், முதலில் தன் கதையை எழுதவில்லை. பிற திருநங்கையரின் வாழ்க்கைகளைத் தொகுத்து 2004-இல் ‘உணர்வும் உருவமும்’ நூலாக்கினார். அவர் தமிழில் எழுதிய தன்வரலாறு வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பிறகே, ‘வெள்ளை மொழி’ என்னும் தலைப்போடு 2011-இல் தமிழில் வந்தது என்பது தமிழ்ப் பதிப்புலகம் சற்று நாணத்தோடு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி. அந்நூலை அதே தலைப்பில் மங்கையின் நெறியாள்கையில் ரேவதியே நடித்தார். தலைப்பிலுள்ள ‘வெள்ளை’ என்பதைக் கள்ளமற்ற, ஒளிவுமறைவற்ற என்று பொருள்கொள்ளலாம். கூவாகத்து வெள்ளைச் சேலையும் வாசகருக்கு நினைவில் வரக்கூடும்.

தனிநடிப்பின் வலிமை இத்தகைய நிகழ்த்துதலில்தான் விளங்குகிறது. தன் வாழ்வைத் தானே நடிப்பவர் அடித்தவர், அழுதவர், வேடிக்கை பார்த்தவர் அனைவரையும் தன் ஒரே உடலில் ஏற்க வேண்டியிருக்கிறது. தன்னை வெறுத்தவரின் குரலைத் தன் தொண்டையிலிருந்தே எழுப்ப வேண்டியிருக்கிறது. அடிபட்ட உடலே சாட்சியாக நிற்கும்போது, பார்வையாளருக்கு இது கதைதானே என்று ஒதுங்கிக்கொள்ள இடமில்லாமல் போகிறது. 2019-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பட்லர் நூலகத்தின் நெற்றியில் பொறித்துள்ள ஹோமர், பிளேட்டோ முதலிய ஆண்களின் பெயர்களுக்கு மேலே பெண் எழுத்தாளர்களின் பெயர்கள் தாங்கிய பதாகை கட்டப்பட்டபோது, டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ ஆகியோரோடு ரேவதியின் பெயரும் அதில் இருந்தது. கறுப்பினப் பெண்களின் தன்னுரைகளைக் கவிதையும் நடனமுமாகக் கோத்து 1970-களில் அமெரிக்க மேடையை அதிரவைத்த நிடோசாகே ஷாங்கேயின் பெயரும் அதே துணியில்தான் இருந்தது. இந்த அண்மை தற்செயலாகவே இருக்கட்டும், பொருத்தமானது.

ரேவதியின் தலைமுறைக்கு அடுத்து வந்தவர் லிவிங் ஸ்மைல் வித்யா. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்ற அவர், ‘நான், வித்யா’ என்னும் தன்வரலாற்றை எழுதி, திரைப்படத் துறையில் உதவி இயக்குநராகப் பணியாற்றி, 2013-இல் சார்லஸ் வாலஸ் நல்கை பெற்று லண்டனில் நாடகம் பயின்று திரும்பினார். மறு ஆண்டே கிளாடி என்னும் திருநங்கையோடும், கீ இமான் செம்மலர் என்னும் திருநம்பியோடும் சேர்ந்து ‘பன்மை’ என்னும் நாடகக் குழுவைத் தொடங்கினார். இங்கே திருநங்கையர் பிறர் நெறியாள்கையில் நடிப்பவர்களாக அல்லாமல் குழுவை நடத்துபவர்களாகவே இருந்தனர் என்பது பெரிய மாற்றம். அரங்கில் கண்ணீரைப் போலவே கேலியும் அவர்களுக்கு ஆயுதமாயிற்று. திருநங்கையைப் பார்த்துச் சிரித்துப் பழகிய கூட்டம், சிரிப்பவனைப் பார்த்துச் சிரிக்க நேர்ந்தது. சாதியையும் பாலினத்தையும் பிரித்துப் பேச முடியாது என்று தொடர்ந்து வலியுறுத்திவந்த வித்யா பின்னாளில் சுவிட்சர்லாந்தில் குடியேறினார். இத்தகைய கலைஞர் இங்கே தங்கிவாழ முடியாமல் போனது யாருடைய இழப்பு என்பதைத் தமிழ் நாடக உலகம் இன்னும் உரக்கக் கேட்டுக்கொள்ளவில்லை.

விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில், ஆரோவில்லை ஒட்டி அமைந்திருக்கும் ஆதிசக்தி நாடகப் பயிலகத்தையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. மும்பையில் தொடங்கிய தம் குழுவை 1990-களில் புதுச்சேரிப் பகுதிக்குக் கொண்டுவந்த வீணாபாணி சாவ்லா, 2014-இல் மறையும் வரை அதன் உயிராக இருந்தார். அவர் எழுதி இயக்க, வினய் குமார் தனியொருவராக நடித்த ‘பிருகன்னளை’ என்னும் நாடகம், விராடன் அரண்மனையில் பெண்ணுருவில் நடனம் கற்பித்த அருச்சுனனைக் கொண்டு, ஆணும் பெண்ணும் ஓருடலில் கூடிநிற்கும் அர்த்தநாரி நிலையை ஆராய்ந்தது. கூடியாட்டத்தின் நுணுக்கமும் களரிப்பயட்டின் கட்டுப்பாடும் சேர்ந்த உயர்ந்த கலைப்படைப்பு அது. ஆயினும் அஞ்ஞாதவாசம் ஓராண்டில் முடிந்துவிடும். பிருகன்னளை மீண்டும் அருச்சுனனாகிவிடுவான். ரேவதிக்கு அந்த ஓராண்டுக் கணக்கு இல்லை. தொன்மத்தை ஆடும் தனிநடிப்புக்கும் தன் வாழ்வைச் சொல்லும் தனிநடிப்புக்கும் உள்ள தூரம் அதுதான்.

திருநங்கையர் இவ்வளவு தூரம் வந்துவிட்ட நிலையில், பெண்ணை நேசிக்கும் பெண்ணின் குரல் தமிழ் மேடையில் ஏன் இத்தனை மெலிதாக ஒலிக்கிறது என்பது சிந்திக்க வேண்டிய கேள்வி. மராத்தியில் விஜய் டெண்டுல்கர் 1981-இலேயே ‘மித்ராச்சி கோஷ்ட’ நாடகத்தின் நடுவில் அத்தகைய ஒரு பெண்ணை நிறுத்தினார். ரோகிணி ஹட்டங்கடி அப்பாத்திரத்தை ஏற்றார். அதுவும் ஓர் ஆண் எழுதிய கதைதான். தமிழில் தயக்கம் நீடிப்பதற்குக் காரணம் வாழ்க்கை அமைப்பிலேயே இருக்கிறது. திருநங்கை பெரும்பாலும் வீட்டை ஏற்கெனவே இழந்தவர். அதற்கு ஈடாக அவருக்கு ஜமாத் என்னும் கூட்டமும், கூவாகம் என்னும் ஊரும், 2008-இல் தமிழக அரசு அமைத்த நல வாரியமும் உண்டு. பெண்ணை நேசிக்கும் பெண்ணோ வீட்டுக்குள்ளேயே, மகளாகவும் பல வேளைகளில் மனைவியாகவும் இருக்கிறார். அவர் மேடையேறித் தன் கதையைச் சொன்னால் தன் தோழியின் கதையையும் சொன்னவராகிறார். ஒருவருடைய துணிவு மற்றவரின் வீட்டுக் கதவை உடைத்துவிடக்கூடும். 2021-இல், குடும்பத்துக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு இளம்பெண்களின் வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இப்பொருளைப் புரிந்துகொள்ளத் தாமே உளவியல் வல்லுநரிடம் அமர்ந்து கேட்ட பிறகு தீர்ப்பு வழங்கினார். பால்புதுமையரைக் குறிக்கும் மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசு 2022-இல் வெளியிட்டதும் அவ்வழக்கின் தொடர்ச்சியே. வசைச்சொல் அன்றி வேறு சொல் இல்லாதிருந்த ஒருவர் எந்தச் சொல்லால் தன்னை அறிமுகம் செய்துகொண்டு களரிக்குள் வந்திருக்க முடியும்?

புலம்பெயர்ந்த தமிழரிடையே நிலைமை சற்று வேறு. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து கலிபோர்னியாவின் லங்காஸ்டரில் வளர்ந்து, இன்று திருநராக அறியப்படும் டிலோ, தன் குடும்பத்தைக் கொண்டே ஓராள் நாடகங்களை அமைத்தார். தாயின் பேச்சையும் உச்சரிப்பையும் மேடையில் அவர் எடுத்து ஆடும்போது எழும் சிரிப்பில் பகை இல்லை. வெளிவருதலையும் வீடு திரும்புதலையும் ஒருசேரக் குறிக்கும் தலைப்பில் தெற்காசியப் பால்புதுமையருக்கு அவர் எழுத்துப் பட்டறைகளும் நடத்திவருகிறார். மேலைநாட்டுப் பால்புதுமையர் கதைகளில் வீட்டை விட்டு வெளியேறுவதே முடிவாக அமைவது வழக்கம். தமிழருக்கு அந்த முடிவு போதுமானதாக இல்லை என்பதை அந்தத் தலைப்பு அறிந்திருக்கிறது.

தொடங்கிய வட்டாரத்துக்கே திரும்பினால், மேடைக்குப் பணமோ பார்வையாளரோ தேடி அலைய வேண்டிய நிலை விழுப்புரத்துக்கு இல்லை. சித்திரையில் விடுதிகள் நிரம்பி வழிகின்றன. மேடையும் விளக்கும் ஒலிபெருக்கியும் தயாராகவே இருக்கின்றன. அமைச்சர்களும் அதிகாரிகளும் முன்வரிசையில் அமர்கின்றனர். அழகிப் போட்டிக்கு ஒதுக்கும் நேரத்தில் அரை மணியை ஆண்டுதோறும் ஒரு தனிநடிப்புக்கும், பாரதக்கூத்து நடத்தும் விழாக்குழுக்கள் பதினெட்டு நாளில் ஒரு நாளின் மாலையை ஒரு சமூக அரங்கக் குழுவுக்கும் விட்டுக்கொடுத்தால் போதும். கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் சொல்வதற்கு இவ்வட்டாரத்திலேயே ஆள் இருக்கிறார்கள்.