வெலிங்டன் கோதுமை வகைகள்

வெலிங்டன் கோதுமை வகைகள் என்பன, நீலகிரி மாவட்டத்தில் குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையத்தில் உருவாக்கப்பட்ட கோதுமை வகைகள் ஆகும். இவற்றின் பெயர்கள் 'எச்டபிள்யூ' என்னும் எழுத்துகளுடன் தொடங்கும். இந்தியாவில் கோதுமை குளிர்காலத்தில் விதைக்கப்படுகிறது; எனினும் ஐரோப்பியக் குளிர்காலக் கோதுமையைப் போலப் பூப்பதற்கு நீண்ட கடுங்குளிர் இதற்குத் தேவையில்லை.

துரு நோய்

உழவர்களுக்கு இவ்வகைகளின் முதன்மையான பண்பு துரு நோய் எதிர்ப்பு ஆகும். எவ்வளவு விளைச்சல் தரவல்ல வகையாயினும், தண்டுத் துரு கடுமையாகத் தாக்கினால் மணிகள் சுருங்கிப் பதராகிவிடும்.

துருப் பூசணம் உயிருள்ள பயிரில் மட்டுமே வளரும். சமவெளியின் கோடை வெப்பத்தில் அதன் வித்துகள் அழிந்துவிடும். தெற்கே நீலகிரி, பழனி மலைகளிலும் வடக்கே இமயமலையிலும் அது தப்பிப் பிழைத்து, ஆண்டுதோறும் சமவெளிக்குப் பரவுகிறது என்பதை ஆக்ராவைச் சேர்ந்த கே. சி. மேத்தா கண்டறிந்தார். பிற நாடுகளில் இடைவிருந்தாக அமையும் பார்பெரிச் செடிக்கு இந்தியாவில் அத்தகைய பங்கில்லை என்பதும் அவர் முடிவு. நீலகிரியிலிருந்து வித்துகளைப் புயற்காற்றுகள் நடு இந்தியா வரை கொண்டுசெல்கின்றன.

இதனாலேயே வெலிங்டன் தேர்வுக்களமாயிற்று. நோய் இங்கு இயற்கையாகவே தோன்றும். ஆண்டுக்கு இரு போகம் விளைவிக்கலாம். நாட்டின் பிற பகுதிகளிலிருந்தும் கோதுமை வழிகள் சோதனைக்காக இங்கு அனுப்பப்படுகின்றன.

எதிர்ப்பு மரபணுக்கள்

சி 306 சப்பாத்திக்குப் பெயர்பெற்ற, வறட்சி தாங்கும் நெட்டை வகை. ஆனால் துருவுக்கு எளிதில் இலக்காகும். அதனுடன் மீண்டும் மீண்டும் பிற்கலப்புச் செய்து, இலைத் துருவை எதிர்க்கும் எல்ஆர்24 மரபணு சேர்க்கப்பட்டது. அவ்வாறு கிடைத்ததே நடு இந்தியாவின் மானாவாரி நிலங்களுக்கான எச்டபிள்யூ 2004 (அமர்). ஒரு காட்டுப் புல்லிலிருந்து பெறப்பட்ட இம்மரபணுவுடன், தண்டுத் துருவை எதிர்க்கும் எஸ்ஆர்24 மரபணுவும் பிணைந்தே வரும்.

ஒரே மரபணுவை நம்புவது போதாது. எஸ்ஆர்24-ஐ வெல்லும் தண்டுத் துரு இனம் இந்தியாவில் 1990 அளவிலேயே பதிவானது. எனவே பிற்கால வகைகளில் பல மரபணுக்கள் ஒருங்கே சேர்க்கப்படுகின்றன.

சம்பா கோதுமை

எச்டபிள்யூ 1098 (நீலகிரி கப்லி) சம்பா கோதுமை வகையாகும். பழைய சம்பா வகைகள் உயரமாக வளர்ந்து காற்றிலும் மழையிலும் சாய்ந்துவிடும். இதுவோ அரைக்குட்டை வகை. மணியை உமி இறுகப் பற்றியிருப்பதால், கதிரடித்த பின் உமி நீக்கும் வேலை தனியாக உண்டு.