நீட் உயிரியல்: கணக்குக் கேள்விகளில் கோட்டை விடுவது எங்கே?

"உயிரியல்தானே, மனப்பாடம் செய்தால் போதும்" என்ற நம்பிக்கையோடு நீட் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் நம் வீடுகளில் ஏராளம். இந்த நம்பிக்கை பாதிதான் சரி.

தேர்வின் 180 கேள்விகளில் சரிபாதி, அதாவது 90 கேள்விகள், உயிரியலிலிருந்து வருகின்றன. மொத்தம் 720 மதிப்பெண்களில் 360 இதற்குரியவை. சரியான விடைக்கு 4 மதிப்பெண் கிடைக்கும். தவறான விடைக்கு 1 குறையும். ஆக, தெரிந்த கேள்வியைத் தவறாக எழுதினால் இழப்பு 5 மதிப்பெண். இன்னொரு வருடம் படிக்க வேண்டிய நிலைக்குச் சிலரைத் தள்ளுவது இத்தகைய சில கேள்விகள்தான்.

பாடம் தெரிந்த மாணவர்களும் இங்கே சறுக்குகிறார்களே, ஏன்? பெரும்பாலும் கேள்வியை முழுமையாக வாசிக்காததால்தான். மூன்று உதாரணங்களைப் பாருங்கள்.

1. நிறக்குருடான தந்தைக்குப் பிறந்த, இயல்பான பார்வையுள்ள பெண், இயல்பான பார்வையுள்ள ஆணை மணக்கிறார். அவர்களின் மகன்களில் எத்தனை சதவீதத்தினருக்கு நிறக்குருடு வரலாம்?

தந்தை தம்மிடமுள்ள ஒரே எக்ஸ் குரோமோசோமைத்தான் மகளுக்குத் தர முடியும். எனவே அப்பெண் குறைபாட்டைக் கடத்துபவர். மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்தே வருகிறது. தாயிடம் உள்ள இரண்டில் ஒன்று குறைபாடுள்ளது. விடை 50. இதே கேள்வியில் 'மகன்களில்' என்பதற்குப் பதில் 'குழந்தைகளில்' என்றிருந்தால் விடை 25. ஏனெனில் மகள்களுக்குத் தந்தையிடமிருந்து நல்ல எக்ஸ் கிடைத்துவிடும். ஒரு சொல் மாறினால் விடையே மாறுகிறது.

2. பூக்கும் தாவரம் ஒன்றில் 100 விதைகள் உருவாகக் குறைந்தது எத்தனை குன்றல் பகுப்புகள் தேவை?

ஒரு தாய் செல் பகுப்படைந்தால் நான்கு மகரந்தத்துகள்கள் கிடைக்கும். எனவே 100 மகரந்தத்துகள்களுக்கு 25 பகுப்புகள் போதும். பெண் பகுதியிலோ பொதுவாக நான்கு செல்களில் மூன்று அழிந்து ஒன்றே மிஞ்சும். ஆகவே 100 பகுப்புகள் வேண்டும். மொத்தம் 125. அவசரப்படுபவர்கள் இரு பக்கமும் 25 என்று கணக்கிட்டு 50 என்பார்கள்.

3. இரட்டை இழை டி.என்.ஏ.வில் அடினைன் 30 சதவீதம். குவானைன் எவ்வளவு?

அடினைன் அளவே தைமினும் இருக்கும். இரண்டும் சேர்ந்து 60. மீதி 40இல் பாதி குவானைன். விடை 20. 'ஒற்றை இழை' என்றிருந்தால் இந்த விதி பொருந்தாது.

செய்ய வேண்டியவை:

• எதைக் கேட்கிறார்கள் என்று கேள்வியின் கடைசி வரியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.
• கொடுக்கப்பட்ட விவரங்களையும் பொருந்தும் விதியையும் குறித்துக்கொள்ளுங்கள். மனக்கணக்காகப் போடாதீர்கள்.
• விடை வந்ததும், கேட்டது இதுதானா என்று கேள்வியை மறுபடி வாசியுங்கள்.
• நேரம் இழுக்கும் கேள்வியை விட்டுவிட்டு, மற்றவற்றை முடித்தபின் திரும்பி வாருங்கள்.

இத்தகைய கேள்விகளின் வகைகள் குறைவு. மரபுக் கலப்பு, குடும்ப மரபு வரைபடம், இரத்த வகை, டி.என்.ஏ. விகிதம், செல் பகுப்பு, ஹார்டி-வீன்பெர்க் சமன்பாடு, இதயம் வெளியேற்றும் இரத்த அளவு ஆகியவை முக்கியமானவை. முந்தைய ஆண்டு வினாத்தாள்களிலிருந்து ஒவ்வொன்றிலும் பத்து கேள்விகளை எழுதிப் பார்த்தாலே பயம் விலகும். தவறியவற்றுக்குத் தனி நோட்டு போடுங்கள். பாடம் தெரியவில்லையா, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லையா, கணக்கில் பிழையா என்று எதிரே எழுதுங்கள். எதைத் திருத்த வேண்டும் என்பது சில வாரங்களில் விளங்கிவிடும்.

பெற்றோர்களே! உங்களுக்கு உயிரியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாதிரித் தேர்வு முடிந்து வரும் பிள்ளையிடம் "எத்தனை மார்க்?" என்று கேட்பதற்கு முன், "தவறிய கேள்வியில் என்ன கேட்டிருந்தார்கள்? எனக்குச் சொல்லு" என்று உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்ல முயலும்போது, தான் எங்கே தவறினோம் என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும்.