முதுகுக்குப் பின்னே ஓர் இன்ஜின்

இன்ஜின் எங்கே என்று குட்டி யானை ஓட்டுபவரிடம் கேளுங்கள். தான் உட்கார்ந்திருக்கும் சீட்டைத் தட்டிக் காட்டுவார். ஆம்னி வேனிலும் அப்படித்தான். சித்திரை வெயிலில் தொடை சுடும். இந்த வண்டிகளில் சரக்குக்கும் ஆட்களுக்கும் இடம் வேண்டும் என்று இன்ஜினை இருக்கைக்கு அடியில் தள்ளினார்கள். அதையே இருக்கைக்குப் பின்னே, பின்சக்கர அச்சுக்கு முன்னே வைத்தால் ‘மிட் இன்ஜின்’ ஸ்போர்ட்ஸ் கார். அங்கே நோக்கம் இடம் அல்ல, வளைவு.

இரு முனையிலும் குடம் தொங்கும் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். உடல் திரும்பினாலும் குடங்கள் இழுக்கும். அதே குடங்களை மார்போடு அணைத்துக்கொண்டால் பம்பரம்போலத் திரும்பலாம். காரிலேயே கனமான பொருள் இன்ஜின்தான். அது நடுவில் இருந்தால் ஸ்டியரிங்கைத் தொட்டதும் வண்டி திரும்பும். கூடவே பின்சக்கரங்கள் மீது எடை அழுந்துவதால் பிடிப்பும் கூடும். ஆனால் பம்பரத்துக்கு நிற்கத் தெரியாது. வேகமான வளைவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னே சாய்ந்து, பின்புறம் வழுக்கிச் சுழன்றுவிடும்.

வெளிநாடுகளில் மிட் இன்ஜின் கார் ஆசையைக் குறைந்த செலவில் தீர்த்துக்கொள்ளலாம். 1984இல் வந்த டொயோட்டா எம்ஆர்2, 1996இல் வந்த போர்ஷே பாக்ஸ்டர் போன்றவை அங்கே பழைய கார் சந்தையில் கிடைக்கின்றன. நமக்கு அந்தக் கதவு திறக்காது: மூன்று வயதைத் தாண்டிய சாதாரணக் காரை இறக்குமதி செய்ய விதி இடம் தருவதில்லை; வரியும் மிரட்டும். இந்த இடைவெளியில் வந்த மிட் இன்ஜின் கார்தான் டிசி அவந்தி. கார் வடிவமைப்பாளர் திலீப் சாப்ரியாவின் நிறுவனம் அதை 2012 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டி, பிறகு புனேவை அடுத்த தலேகாவில் தயாரித்தது. ரெனோவின் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 250 குதிரைத்திறன், ஆறு கியர். அன்றைய விலை சுமார் 36 லட்சம் ரூபாய். தரையிலிருந்து 170 மி.மீ. உயரம் இருப்பதால் நம்மூர் வேகத்தடைகளுக்கு முன் அது கூனிக் குறுக வேண்டியதில்லை.

இன்று பழைய அவந்தி ஒன்றைப் பார்க்க புனேவுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டர் குறைவு என்பதில் மயங்க வேண்டாம். இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் உண்டு. ரப்பருக்கு ஓட்டத்தால் மட்டுமல்ல, வருடத்தாலும் வயதாகும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜின் போய்விடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ட்ரெட் புதிதாகத் தெரிந்தாலும் பத்து வயது டயரில் காட் ரோட்டில் இறங்கக்கூடாது. நடுவில் அடைபட்ட இன்ஜினுக்கு முன்னாலிருந்து வரும் எதிர்காற்று நேராகக் கிடைக்காது. எனவே ஏசி போட்டு, நெரிசலில் அரை மணி நேரம் நிறுத்தி நிறுத்தி ஓட்டி, வெப்பமானியைப் பாருங்கள். பெயின்ட் வேலை பார்த்திருக்கிறார்களா என்று காந்தம் வைத்துப் பார்ப்பது இங்கே செல்லாது; காரின் உடல் இரும்பல்ல, இழைக்கலவை. அது நசுங்காது, விரிசல் விடும். கதவு விளிம்புகளில் மயிரிழை விரிசலைத் தேடுங்கள்.

காகிதம் அதைவிட முக்கியம். 2020 டிசம்பரில் மும்பை போலீஸ் அவந்தி கார்கள் தொடர்பாக மோசடி வழக்குப் பதிந்தது. ஒரே இன்ஜின், சேசிஸ் எண்ணில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவு என்பது குற்றச்சாட்டு. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட ஒரு காரிலிருந்துதான் விசாரணை கிளம்பியது. ஆகவே ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணைக் காரில் பொறித்த எண்ணோடு நீங்களே ஒப்பிடுங்கள். வங்கிக் கடன் பாக்கி இல்லை என்ற சான்று வாங்குங்கள். சென்னைக்குக் கொண்டுவர அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி.யும், இங்கே கட்ட வேண்டிய சாலை வரியும் கணக்கில் இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. சாதாரணக் காரில் முன்பக்க பானெட்டைத் தூக்கினால் தெரு மெக்கானிக்கே கை வைப்பார். முதுகுக்குப் பின்னே புதைந்த இன்ஜினில் ஒரு சென்சாரை மாற்றக்கூடப் பாதிக் காரைக் கழற்ற நேரலாம். நடுவில் வைத்ததால் வளைவில் கிடைத்த லாபம் பட்டறையில் கூலியாகத் திரும்பிப் போகிறது. அதனால் விற்பவரிடம் விலையைக் கேட்கும் முன், “இதுவரை இதைத் திறந்தது யார்?” என்று கேளுங்கள். பெயரும் போன் நம்பரும் கிடைத்தால் முதலில் அவரைப் போய்ப் பாருங்கள், காரை அப்புறம் பார்க்கலாம்.