இதயத்தில் குறை; காலில் ஏன் வீக்கம்?

"இதயம் பலவீனமாக இருக்கிறது என்கிறீர்கள், ஆனால் கால் அல்லவா வீங்கியிருக்கிறது?" புறநோயாளிகள் பிரிவில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. நியாயமான கேள்வியே. இரத்தம் சுற்றிவரும் பாதையை அறிந்தால் விடை விளங்கும்.

இதயம் ஒன்றாகத் தோன்றினாலும், அது அருகருகே ஒட்டியுள்ள இரண்டு பம்புகள். உடலெங்கும் சுற்றித் திரும்பிய இரத்தத்தை வலப்புறம் பெற்று நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே பிராணவாயுவை ஏற்றுக்கொண்ட இரத்தம் இடப்புறம் வந்து, பெருந்தமனி வழியே உடல் முழுவதும் செல்கிறது. ஒரு துடிப்பில் வெளியேறுவது ஏறத்தாழ 70 மில்லிலிட்டர். கடையில் தரும் சிறு காபிக் குவளை அளவுகூட இல்லை. நிமிடத்துக்கு 70 துடிப்பு எனில் ஏறக்குறைய 5 லிட்டர் ஆகிறது. உடலில் உள்ள மொத்த இரத்தமும் அவ்வளவுதான். இத்தகைய கணக்கைக் கொண்டே, கல்லீரல் உணவிலிருந்து ஓயாமல் புது இரத்தம் ஆக்குகிறது என்ற பழங்கொள்கையை இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் மறுத்தார். அவ்வளவு இரத்தத்தை எந்த உணவும் தர இயலாது; சென்றதே திரும்பி வந்தாக வேண்டும்.

சுற்றுப்பாதை என்பதால், ஓரிடத்தில் வேகம் குன்றினால் அதற்குப் பின்னால் தேக்கம் உண்டாகும். மாரடைப்பால் இடப்புறம் தளர்ந்தால் தேக்கம் முதலில் நுரையீரலில்தான். படுத்தால் மூச்சு முட்டுவதும், நள்ளிரவில் எழுந்து உட்கார நேர்வதும் இதனால்தான். வலப்புறமும் தளரும்போது சிரைகளில் அழுத்தம் கூடி, நுண்ணிய தந்துகிகளின் வழியே நீர் கசிகிறது. நீர் தாழ்ந்த இடத்தை நாடும். ஆகவே கணுக்கால் வீங்குகிறது.

சிறுநீரகத்தின் பங்கும் இதில் உண்டு. தனக்கு வரும் இரத்தம் குறைந்ததும், உடலில் நீர் வற்றிவிட்டதாகக் கொண்டு, உப்பையும் நீரையும் அது மேலும் பிடித்து வைக்கிறது. நீர் மாத்திரை தருவது இதைத் திருத்தவே. வீக்கம் வடிந்ததும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டு, சில வாரங்களில் மூச்சுத்திணறலுடன் திரும்புவோரை நாங்கள் தொடர்ந்து பார்க்கிறோம். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் கணக்கில் சேரா என்று எண்ணுவோரும் பலர்.

வீக்கம் கண்ணுக்குத் தெரியுமுன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்தபின், உண்பதற்கு முன், ஒரே கருவியில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். 3 நாள்களில் 2 கிலோவுக்கு மேல் கூடினால், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் எங்களை அழையுங்கள். உடனிருப்போர் தலையணைகளையும் எண்ணி வரலாம்: ஒன்றில் உறங்கியவர் மூன்று கேட்கத் தொடங்கினால், அவர் சொல்லாவிட்டாலும் எங்களிடம் சொல்லுங்கள்.

கால் வீக்கம் அனைத்தும் இதயத்தால் வருவதன்று. சிறுநீரகம், கல்லீரல், சில இரத்த அழுத்த மாத்திரைகள்கூடக் காரணமாகலாம். ஒரு காலில் மட்டும் திடீரென வலியுடன் வீங்கினால், சிரையில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும்; அதைத் தேய்த்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.